முதல் இரண்டு எழுத்து

பக்கவாதம் டெரிக்கிடமிருந்து
வலக்கையையும் சொற்களின் வாலையும் கொண்டுபோனது.
தலைகளை விட்டுவைத்தது.
"ஸ்ன..." என்பார். நின்றுவிடும்.
மீதியை முடித்துவைப்பது என் வேலை.
நாற்பத்தாறு வருஷமாகச் செய்ததுதான்,
அப்போதெல்லாம் அவருக்குப் பிடிக்காது.

செவ்வாய்தோறும் இமோஜென் வருவாள்,
பேச்சுப் பயிற்சிக்காரி, சிவப்பு சைக்கிளில்.
சமையலறை மேசையில் அட்டைகளைப் பரப்பி
"எஸ், என் இரண்டும் சேர்ந்து வந்தால்
பெரும்பாலும் மூக்குதான்" என்றாள்.
ஸ்னீஸ், தும்மல். ஸ்னோர், குறட்டை.
ஸ்னிஃப், மோப்பம். ஸ்னௌட், பன்றியின் மூஞ்சி.
ஸ்னாட் என்பதும் அங்கிருந்து வடிவதே,
தேநீர் வேளையில் வேண்டாம்.
ஸ்னாப், அந்தப் பவிசுக்காரன்கூட
மூக்கை வானத்துக்குத் தூக்கியல்லவா நடக்கிறான்?
டெரிக் சிரித்தார். ஆகஸ்டுக்குப் பின் முதல் சிரிப்பு,
அரை வாயால்.

"ஸ்னேக்? பாம்புக்கு ஏது மூக்கு?" என்று கேட்டேன்.
இமோஜென் அட்டைகளை அடுக்கத் தொடங்கினாள்.

தர்மக் கடையில் ஒன்றரைப் பவுனுக்கு
ஓர் அகராதி வாங்கினேன். அட்டை கிழிந்தது.
எங்கள் ஹல் நகரத்துத் தெருவேதான்:
ஒரே சுவரில் முதுகு சாய்த்த வரிசை வீடுகள்.
முதலெழுத்து ஒன்றாய்ப் போனதால் அண்டைவீடு,
சிலர் உறவு,
சிலர் ஆயுள் முழுக்கச் சுவரைப் பகிர்ந்தும்
முகம் அறியாதவர்.
பில்லர், தூண். பக்கத்திலேயே பில்லோ, தலையணை.
தூணில் தலைவைத்து யார் தூங்குவார்?

ஜனவரியில் ஒரு ராத்திரி, மணி மூன்று,
என் போர்வையை இழுத்தார். "ஸ்ன..."
குறட்டையா? நானா? சுருக்கென்றது.
இல்லை. சளியா? கைக்குட்டையை நீட்டினேன்,
தரையில் எறிந்தார்.
பிறகு வேறொரு தலை: "பி... பி..."
பில்? மாத்திரையோடு வந்தேன். இல்லை.
தலையணையைத் தட்டி நிமிர்த்தினேன். இல்லை.
அவசரமா? அந்தச் சொல்லுக்கும் அதே தொடக்கம்,
ஆனால் கப்பல்துறையில் மட்டும் சொல்வது. இல்லை.
பிக்கிள் என்று வெங்காய ஊறுகாய் ஜாடியைக் கொணர்ந்தேன்,
மூன்று மணிக்கு!
அவர் கண் நிறைந்துவிட்டது.

விளக்கடியில் அகராதியை விரித்தேன்.
விரல் வழுக்கி இறங்கியது:
பிக், பன்றி.
பன்றிக்கு அடுத்த வாசலில்
பிஜன்.

புறா.

திரையை விலக்கினேன். கொல்லை முழுக்க
ஸ்னோ, மூக்கே இல்லாத அந்தச் சொல்,
குறுக்குவாட்டில் வீசிக்கொண்டிருந்தது.
கூண்டின் கதவு ஆடி ஆடி அடித்தது.
சாயங்காலம் கொக்கி போட மறந்தவள் நான்.

இரவு அங்கியோடு, அவருடைய பழைய மீன்துறை பூட்ஸில்
கால் நுழைத்து ஓடினேன்.
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு எண்ணினேன்.
மறுபடி எண்ணினேன்.
கொக்கியை மாட்டித் திரும்பி வந்து
"எல்லாம் உள்ளே இருக்கிறது" என்றேன்.

பதினொன்று. பன்னிரண்டு இருக்க வேண்டும்.
சொல் முழுதாய் வருகிறவளுக்குத்தான்
பொய்யும் முழுதாய் வருகிறது.

என் தலையில் உருகுவதைப் பார்த்தார்,
பூட்ஸைப் பார்த்தார், நெடுநேரம்.
"பி" என்றார்.
ஜாடியைத் தள்ளினேன்.
ஒரு வெங்காயத்தை எடுத்துக் கடித்தார்,
எனக்கு ஒன்று நீட்டினார், இடக்கையால்,
வினிகர் மேசையில் சொட்ட.

பிட்டி, இரக்கம்.
அதுவும் அதே தெருவில், நாலு பக்கம் தள்ளி இருக்கிறது.
அந்தக் கதவை நான் தட்டவில்லை.